லைட் மின்னும்போது பட்டன் ஏன் தூங்கிவிடுகிறது? நெய்வேலி சுரங்கத்திலிருந்து ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பாடம்!

நெய்வேலி சுரங்கத்தில் மண் வெட்டும் ராட்சத இயந்திரம் பழுதாகி நிற்கலாம். கன்வேயர் பெல்ட் நிற்கலாம். அடைமழை பெய்தால் ஒரு பகுதியில் வேலையையே நிறுத்தி வைக்கலாம். ஆனால், ஒரு வேலை மட்டும் இரவு, பகல், தீபாவளி, பொங்கல் எதையும் பார்க்காமல் நடந்துகொண்டே இருக்கிறது. பூமிக்கடியிலிருந்து தண்ணீரை இறைக்கும் வேலைதான் அது.

பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. அந்த நீர் சும்மா கிடப்பதில்லை. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 6 முதல் 8 கிலோ அளவுக்கு மேல் நோக்கி அழுத்துகிறது. மேலே இருக்கும் மண்ணை அகற்றும்போது, அந்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் எடையும் குறைகிறது. நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், நிலக்கரிப் படுகையைப் பிளந்துகொண்டு தண்ணீர் சுரங்கத்துக்குள் வந்துவிடும். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்த கதை ஊருக்கே தெரியும். 1956 நவம்பர் 14-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961 ஆகஸ்ட்டில்தான் நிலக்கரி கண்ணில் பட்டது. அன்று முதல் இன்று வரை, வெட்டுவது முன்னால் நடக்கிறது. இறைப்பது பின்னால் நடக்கிறது.

முன்னால் நடப்பதுதான் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால், பின்னால் நடப்பது நின்றால் முன்னால் நடப்பதும் இல்லை. கம்ப்யூட்டர் உலகில் இதற்கு 'பேக்கிரவுண்ட் டாஸ்க்', அதாவது பின்னணி வேலை என்று பெயர். பள்ளிக்கூட லேபில் முதன்முதலாக மைக்ரோகன்ட்ரோலரைத் தொடும் பிள்ளைகள் பலரும் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

முதல் நாள் சந்தோஷம், மூன்றாம் நாள் குழப்பம்

நிதி ஆயோக்கின் அடல் இன்னோவேஷன் மிஷன் 2016-ல் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்களுக்காக, தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை உதவி தந்து 'அடல் டிங்கரிங் லேப்' அமைக்கும் திட்டம் அதில் ஒன்று. அந்த லேப்களில் பிள்ளைகள் கையில் முதலில் கிடைக்கும் பொருள்களில் ஆர்டுயினோ போர்டும் ஒன்று. 2005-ல் இத்தாலியின் இவ்ரியா நகரில், மின்னணுவியல் படிக்காத மாணவர்களுக்காக மாசிமோ பான்சியும் நண்பர்களும் உருவாக்கியது அது. கடையில் தனியாக வாங்கியும் பல வீடுகளில் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் பாடம், லைட்டை மின்ன வைப்பது. லைட்டைப் போடு, ஒரு விநாடி காத்திரு, அணை, ஒரு விநாடி காத்திரு. நான்கே வரி. 'காத்திரு' என்பதற்கான கட்டளை 'டிலே'. லைட் மின்னியதும் வீட்டில் அம்மா, அப்பா, தாத்தா என்று எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுவார்கள்.

மூன்றாம் நாள் ஒரு பட்டனைச் சேர்ப்பார்கள். பட்டனை அழுத்தினால் பஸர் ஒலிக்க வேண்டும். லைட்டும் மின்னிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தினால் சில நேரம் ஒலிக்கும், பல நேரம் ஒலிக்காது. பட்டன் கெட்டுவிட்டது என்று மாற்றிப் பார்ப்பார்கள். வயரை மாற்றுவார்கள். போர்டையே மாற்றுவார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

கோளாறு அந்த 'டிலே'யில் இருக்கிறது. 'ஒரு விநாடி காத்திரு' என்று சொன்னால், உங்கள் புரோகிராம் அந்த ஒரு விநாடி முழுக்க அதே வரியில் நின்றுவிடும். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் சிப் விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்புகளில் ஓடுகிறது. அத்தனையும் 'நேரம் ஆயிற்றா, நேரம் ஆயிற்றா' என்று பார்ப்பதிலேயே செலவாகிறது. அந்த நேரத்தில் நீங்கள் பட்டனை அழுத்தி விட்டுவிட்டால், அதைப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

இது விளையாட்டு இல்லை

பட்டன் வேலை செய்யவில்லை என்றால் குடி முழுகிவிடாது. ஆனால், அதே பிள்ளை அடுத்த மாதம் அறிவியல் கண்காட்சிக்குக் கேஸ் கசிவு அலாரம் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையில் 'வணக்கம்' என்ற எழுத்துகள் நகர்ந்து போக வேண்டும் என்று ஆசைப்பட்டு, நடுவில் ஐந்தாறு இடத்தில் 'டிலே' போட்டிருக்கும். மொத்தம் 10 விநாடி. அந்த 10 விநாடியும் கேஸ் சென்சாரை யாரும் பார்க்கவில்லை. பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அலாரமே இல்லாத வீட்டில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். தூங்குகிற அலாரம் உள்ள வீட்டில் அந்தக் கவனமும் போய்விடும்.

நெய்வேலிக்கு இது நன்றாகவே புரியும். 2020 ஜூலை 1-ம் தேதி இரண்டாவது அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்தில், அன்று மட்டும் 6 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அந்த விபத்துக்கும் பள்ளிக்கூட சர்க்யூட்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால், அப்பாவோ சித்தப்பாவோ ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், எச்சரிக்கை மணி என்பது விளையாட்டுச் சாமான் இல்லை என்று பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பூனை நடக்கும், பாட்டும் பாடும்... இங்கே ஏன் முடியாது?

பிள்ளைகள் குழம்புவதற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. பலரும் ஆர்டுயினோவுக்கு வருவதற்கு முன்பே 'ஸ்கிராட்ச்' பழகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில்கூட அதைப் பற்றிப் பாடம் உண்டு. ஸ்கிராட்ச்சில் பூனை நடக்கும். அதே நேரத்தில் பாட்டு ஒலிக்கும். மேகமும் நகரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டங்களை அடுக்கிவிட்டால் போதும். ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் பங்குபோட்டுக் கொடுக்கும் வேலையை ஸ்கிராட்ச்சே பார்த்துக்கொள்ளும்.

ஊனோ போர்டில் அப்படிப் பங்கு பிரிக்க யாரும் இல்லை. ஒரே சிப். 'லூப்' என்ற ஒரே பகுதி. அதை மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாகப் படித்துச் செய்யும். முடிந்ததும் மறுபடி மேலே போகும். ஒரு நேரத்தில் ஒரு வரிதான். ஆகவே, நேரத்தைப் பங்கு பிரிக்கும் பொறுப்பு புரோகிராம் எழுதும் பிள்ளைக்கு வந்துவிடுகிறது. பின்னணி வேலை என்பதன் முதல் பாடமே இந்தப் பொறுப்புதான்.

அடுப்படியில் இருக்கிறது விடை

காலையில் சமையலறையைப் பாருங்கள். ஓர் அடுப்பில் பால். இன்னோர் அடுப்பில் குக்கர். நடுவில் தேங்காய் அரைக்க வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். சமைப்பவர் பாலுக்கு முன்னால் ஐந்து நிமிடம் கண் இமைக்காமல் நின்றுகொண்டா இருக்கிறார்? காய் நறுக்குகிறார், பாலை ஒரு பார்வை பார்க்கிறார், மறுபடி நறுக்குகிறார், கடிகாரத்தைப் பார்க்கிறார். அவருக்கும் இரண்டு கைதான், ஒரு கவனம்தான். ஆனால், எந்த வேலையிலும் அவர் நின்றுவிடுவதில்லை.

போர்டிலும் அதே வழிதான். அதற்கு 'மில்லிஸ்' என்றொரு கட்டளை இருக்கிறது. போர்டுக்கு மின்சாரம் கொடுத்து எத்தனை மில்லி விநாடி ஆயிற்று என்று அது சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை. புரோகிராமை இப்படி மாற்றி எழுதலாம்:

லைட்டைக் கடைசியாக மாற்றி 500 மில்லி விநாடி ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் மாற்று, இப்போதைய நேரத்தைக் குறித்துக்கொள். ஆகவில்லையா, விட்டுவிட்டுப் போ.

நீர்மட்டத்தைக் கடைசியாகப் பார்த்து 2,000 மில்லி விநாடி ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் பார், நேரத்தைக் குறித்துக்கொள். இல்லையா, விட்டுவிட்டுப் போ.

பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறதா? இதற்கு நேரக் கணக்கே வேண்டாம். ஒவ்வொரு சுற்றிலும் பார்.

இந்த மூன்று கேள்வியையும் போர்டு விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை கேட்டுக்கொண்டே சுற்றும். பெரும்பாலான சுற்றுகளில் எதுவும் நடக்காது. ஆனால், நடக்க வேண்டியது எதுவும் தவறாது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதாகத் தெரியும். ஆர்டுயினோ மென்பொருளின் உதாரணங்கள் பட்டியலில் 'பிளிங்க் வித்தவுட் டிலே' என்ற பெயரில் இதன் எளிய வடிவம் இருக்கிறது.

ஒரே ஒரு நிபந்தனை. எந்த வேலையும் அதிக நேரம் பிடிக்கக் கூடாது. பத்து வேலையை ஒழுங்காக எழுதிவிட்டுப் பதினோராவதில் ஒரே ஒரு 'டிலே' போட்டாலும், பதினொன்றும் நிற்கும். சில கட்டளைகளுக்குள் காத்திருப்பு ஒளிந்தும் இருக்கும். தூரத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரில் எதிரொலிக்காகக் காத்திருக்கும் 'பல்ஸ் இன்' கட்டளை அப்படிப்பட்டது. சென்சாரின் வயர் கழன்றுபோனால், வராத எதிரொலிக்காக 1 விநாடி வரை அது நின்றுகொண்டிருக்கும். எவ்வளவு நேரம் வரை காத்திருக்கலாம் என்று நாமே ஓர் எல்லை சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

சொல்லாமலே ஓடும் ஒரு வேலை

இந்த 'மில்லிஸ்' நேரத்தைச் சொல்கிறதே, அதை யார் எண்ணுகிறார்கள்? இங்கேதான் நிஜமான பின்னணி வேலை ஒன்று இருக்கிறது. சிப்புக்குள் 'டைமர்' என்ற தனிப் பகுதி உண்டு. நீங்கள் எழுதிய புரோகிராம் எந்த வரியில் இருந்தாலும், 'டிலே'யில் நின்றுகொண்டிருந்தாலும், அது தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருக்கும். விநாடிக்குச் சுமார் 976 தடவை அது சிப்பின் தோளைத் தட்டி, 'கணக்கில் கொஞ்சம் கூட்டிக்கொள்' என்று சொல்லிவிட்டுப் போகும். லைட் மட்டும் மின்னுகிற முதல் நாள் புரோகிராமிலும் இது நடக்கிறது. பின்னணி வேலையே தெரியாது என்று நினைக்கும் பிள்ளையின் போர்டிலும், முதல் நொடியிலிருந்தே ஒரு பின்னணி வேலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த எண்ணிக்கைக்கு ஓர் எல்லையும் உண்டு. சுமார் 429 கோடி வரைதான் அதில் எண்ண முடியும். அதாவது 49 நாள், 17 மணி நேரம், 2 நிமிடம், 47 விநாடி. அதன்பிறகு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். மேஜையில் ஒரு மணி நேரம் ஓடும் புராஜெக்ட்டுக்கு இது பிரச்னையே இல்லை. வயலிலோ மொட்டை மாடித் தொட்டியிலோ மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவிக்கு இது பிரச்னைதான். இதேபோன்ற எண்ணிக்கைக் கோளாறால், 49.7 நாள் தொடர்ந்து ஓடிய விண்டோஸ் 95 கம்ப்யூட்டர்களே உறைந்து நின்றன.

தப்பிக்கும் வழி எளிது. 'அடுத்து எத்தனை மணிக்கு?' என்று கேட்காமல், 'கடைசியாகச் செய்து எவ்வளவு நேரம் ஆயிற்று?' என்று கேட்க வேண்டும். கடிகாரத்தில் 11:50-லிருந்து 12:10 வரை 20 நிமிடம். 12:50-லிருந்து 1:10 வரைக்கும் 20 நிமிடம்தான். எண் 12-லிருந்து 1-க்குச் சிறியதாகிவிட்டதே என்று நாம் குழம்புவதில்லை. இப்போதைய நேரத்திலிருந்து பழைய நேரத்தைக் கழித்தால், போர்டும் குழம்புவதில்லை. நேரத்தைக் குறித்து வைக்கும் இடமும் 'மில்லிஸ்' எண்ணும் அளவுக்கே பெரியதாக இருக்க வேண்டும். ஆர்டுயினோவில் அதற்கு 'அன்சைன்டு லாங்' என்று பெயர்.

விசில் அடித்தால் ஓடிப்போகணும்

சில வேலைகளை அவ்வப்போது எட்டிப்பார்த்தால் போதாது. குக்கர் விசில் அடித்தால், கையில் இருக்கிற கத்தியை வைத்துவிட்டு உடனே எண்ண வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரில் இதற்கு 'இன்டரப்ட்' என்று பெயர். ஊனோ போர்டில் 2, 3 என்ற எண்ணுள்ள பின்களில் இந்த வசதி இருக்கிறது. அங்கே மின்நிலை மாறியதும், சிப் செய்துகொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு, நீங்கள் குறிப்பிட்ட சிறிய வேலையைச் செய்துவிட்டுத் திரும்பும். சக்கரம் சுற்றுவதை எண்ணுவது, தண்ணீர் ஓட்டத்தை அளப்பது போன்றவற்றுக்கு இது ஏற்றது.

ஆனால், விசில் கேட்டு ஓடிப்போனவர் அங்கேயே உட்கார்ந்து சமையல் குறிப்பு எழுதக் கூடாது. 'மூன்று' என்று எண்ணிவிட்டுத் திரும்ப வேண்டும். இன்டரப்ட்டுக்குள்ளும் ஒரு குறிப்பு மட்டும் வைத்துவிட்டு வெளியே வர வேண்டும். திரையில் எழுதுவதும் பஸரை ஒலிக்கச் செய்வதும் வெளியே, லூப்பில் நடக்கட்டும். அதற்குள் 'டிலே' போட்டால் அது ஒழுங்காக வேலையும் செய்யாது.

எதை விடலாம், எதை விடக்கூடாது?

வேலைகள் கூடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நேரம் போதாது. அப்போது எதை விடுவது? 1969 ஜூலை 20-ல் நிலவில் இறங்கிக்கொண்டிருந்த அப்போலோ 11 கலத்தின் கம்ப்யூட்டருக்கு இந்தக் கேள்வி வந்தது. இறங்கும் நேரத்தில் தேவைப்படாத ஒரு ரேடாரின் தகவல்கள் குவிந்ததில் கம்ப்யூட்டர் திணறியது. '1202' என்ற எச்சரிக்கை எண் திரையில் வந்தது. தற்காலிக நினைவகம் 4 கிலோபைட்கூட இல்லாத கம்ப்யூட்டர் அது. ஆனால், எந்த வேலை முக்கியம், எது அப்புறம் என்று அதில் முன்பே வரிசை எழுதி வைத்திருந்தார்கள். முக்கியமில்லாததைக் கைவிட்டு, கலத்தை இறக்கும் வேலையை மட்டும் அது விடாமல் செய்தது. அந்த மென்பொருள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் மார்கரெட் ஹாமில்டன். முன்னுரிமைப்படி வேலையைப் பங்கிடும் முறையை வடிவமைத்தவர் ஹால் லானிங்.

நம் ஊர் சுரங்கத்திலும் அதே நியாயம்தான். வெட்டுவது நிற்கலாம், இறைப்பது நிற்கக் கூடாது. பள்ளிக்கூட அலாரத்தில் திரையில் எழுத்து நகர்வது நிற்கலாம், சென்சாரைப் பார்ப்பது நிற்கக் கூடாது. புரோகிராம் எழுத உட்காருவதற்கு முன்பே இந்தப் பட்டியலைத் தாளில் எழுதிவிட்டால், பாதி வேலை முடிந்துவிடும்.

பங்கு பிரித்துத் தரும் போர்டுகளும் உண்டு. பிரிட்டனில் 2016-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட 'மைக்ரோபிட்' போர்டில், 'பின்னணியில் ஓடு' என்று சொல்வதற்கே ஒரு கட்டம் இருக்கிறது. அதே ஆண்டு வந்த 'ஈஎஸ்பி 32' சிப்பின் பெரும்பாலான வகைகளில் இரண்டு மூளைகள் உண்டு. ரிச்சர்ட் பாரி உருவாக்கிய 'ஃப்ரீ ஆர்டாஸ்' என்ற மென்பொருள் அதில் வேலைகளை முன்னுரிமைப்படி பிரித்துத் தரும். வசதிதான். ஆனால், மைக்ரோபிட்டில்கூட ஒரு பின்னணி வேலை ஓய்வே எடுக்காமல் ஓடினால், மற்ற வேலைகளுக்கு முறை வராது. அதனால், ஊனோவில் 'மில்லிஸ்' பழகிவிட்டு அங்கே போகும் பிள்ளைக்கு எதுவும் புதிராக இருக்காது.

ஒரு குட்டிச் சுரங்கம் செய்து பார்க்கலாம்

இந்த விடுமுறையில் செய்ய ஒரு புராஜெக்ட். ஒரு பிளாஸ்டிக் டப்பாதான் சுரங்கம். அடியில் சின்ன நீர்மட்ட சென்சார், 5 வோல்ட்டில் ஓடும் குட்டிப் பம்ப், அதை இயக்க ரிலே, ஒரு லைட், ஒரு பஸர், ஒரு பட்டன். பம்ப்புக்குத் தனியாக பேட்டரி கொடுங்கள். போர்டிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்க வேண்டாம். வீட்டு மின்சாரத்தை இதில் எங்கேயும் இணைக்கக் கூடாது.

டப்பாவில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மட்டம் ஏறினால் பம்ப் ஓட வேண்டும். லைட் எப்போதும் ஒரே சீராக மின்ன வேண்டும். பட்டனை அழுத்தினால் பஸர் ஒலிக்க வேண்டும். முதலில் 'டிலே' வைத்து எழுதிப் பாருங்கள். பிறகு 'மில்லிஸ்' வைத்து எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டப்பாவில் வழியும் தண்ணீரே சொல்லிவிடும்.

புரோகிராமிங் தெரியாத பெற்றோரும் ஒரு சோதனை வைக்கலாம். கண்காட்சிக்குப் போகும் முன், பிள்ளை செய்த கருவியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது வேற வேலை செஞ்சுக்கிட்டு இருக்கும்போது ஆபத்து வந்தா, எத்தனை விநாடியில கவனிக்கும்?' பிள்ளை பதில் சொன்னதும் ஸ்டாப்வாட்ச்சை எடுத்து, பத்து தடவை சோதித்துப் பாருங்கள். பத்து தடவையும் சொன்ன நேரத்துக்குள் மணி அடித்தால், கைதட்டுங்கள். ஒரு தடவை தவறினாலும், 'டிலே' எங்கே ஒளிந்திருக்கிறது என்று சேர்ந்து தேடுங்கள். அப்புறமும் ஒன்றை மறக்க வேண்டாம்: பிள்ளை செய்த கேஸ் அலாரம் கற்றுக்கொள்ளத்தான். அடுப்படியில் மாட்டுவதற்குத் தரச்சான்று பெற்ற கருவியைக் கடையில்தான் வாங்க வேண்டும்.